அரிசியும் அத்தாட்சியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோற்றைப் பற்றிப் பேச வந்தவன் அட்சய பாத்திரத்தில் ஆரம்பிப்பது நம் மேடைகளின் சம்பிரதாயம். இன்று அந்தச் சம்பிரதாயத்தை மீறுவதற்கு உங்கள் அனுமதி வேண்டும். ஏனெனில் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புண்ணியத்தைச் சேர்ந்ததன்று. கிடங்கு, லாரி வாடகை, எடைத் தராசு, சாக்கு மூட்டை, படிவம், கைரேகை இயந்திரம் ஆகியவற்றால் ஆன ஒரு நிர்வாக ஏற்பாட்டைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2 கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்கு, 34,000-க்கு மேற்பட்ட நியாய விலைக் கடைகளின் வழியாக, மாதந்தோறும் அரிசியும் சர்க்கரையும் துவரம் பருப்பும் பாமாயிலும் கொண்டு சேர்க்கிற பொது விநியோகத் திட்டத்தை, இன்றைக்கு அது பெற்றிருக்கிற விசாலமான வடிவம் குன்றாமல் எதனிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் பேச்சின் பொருள்.

இத்திட்டத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கிற துணிச்சல் எந்தக் கட்சிக்கும் கிடையாது. ஆகையால் பகிரங்கமான விரோதி இதற்கு இல்லை. பயம் வேறு திசையிலிருந்து வருகிறது. "இல்லாதவர்களுக்குக் கொடுப்பதை யார் வேண்டாமென்றார்கள்? உள்ளவர்களும் அல்லவா வாங்கிக்கொண்டு போகிறார்கள், அவர்களை மட்டும் விலக்கினால் போதாதா?" என்று வெகு நியாயமான குரலில், கற்றறிந்த பெரியவர்கள், பெரும்பாலும் ரேஷன் கடை வாசலை மிதித்துப் பல வருஷங்களானவர்கள், கேட்கிறார்கள். கேட்பதற்கு எளிதான கேள்விதான். ஆனால் உள்ளவனை விலக்க வேண்டுமென்றால் இல்லாதவன் தன் இல்லாமையை நிரூபித்தாக வேண்டும்; நிரூபிப்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும்; அத்தாட்சிக்குக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி வேண்டும்; அவரைப் பார்ப்பதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்; அவர் அன்று ஊரில் இல்லையென்றால் மறுநாள் கூலியும் போக வேண்டும். பசித்தவனிடம் பசிக்கு அத்தாட்சி கேட்கிற இந்த வழக்கம் நம் நாட்டில் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷ வயதுடையது. அதன் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்துவிட்டு, பிறகு நம் ஊர்க் கடைக்கு வருவோம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் பல தலைமுறைக்குச் சொல்லிப் பயந்த 1876–78-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, சென்னை ராஜதானியில் நிவாரணச் செலவு கைமீறிப் போகிறதென்று கருதிய வைஸ்ராய் லிட்டன் பிரபு, அதைக் கட்டுப்படுத்துவதற்காக ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை 1877 ஜனவரியில் இங்கே அனுப்பி வைத்தார். டெம்பிள் பிறவியிலேயே இரக்கமற்றவர் என்று அவசரப்பட்டு நாம் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது, பர்மாவிலிருந்து ஏராளமான அரிசியைத் தருவித்து, கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாக வழங்கி, பட்டினிச் சாவை மிக மிகச் சொற்பமாக நிறுத்தியவர் அதே டெம்பிள்தான். அதற்கு அவருக்குக் கிடைத்த சன்மானம், ஊதாரி என்ற பட்டம். ஜனங்கள் சாகவில்லையே, ஆகையால் பஞ்சமே இருந்திருக்காது, இவ்வளவு பணத்தை ஏன் செலவழித்தாய் என்று கேட்டார்கள்! அந்தக் களங்கத்தைத் துடைத்துக்கொள்ளும் சங்கற்பத்தோடுதான் அவர் சென்னைக்கு வந்து இறங்கினார். உயிர்களைக் காப்பாற்றியதற்காகக் கண்டனம் பெற்ற ஓர் உத்தியோகஸ்தர், அடுத்த முறை கண்டனத்திலிருந்து தம்மைக் காப்பாற்றிக்கொண்ட கதை இது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அவர்மேல் வருகிற கோபத்தைவிட அவருக்குப் பட்டம் கொடுத்தவர்கள்மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

டெம்பிள் செய்தது இரண்டு காரியம். நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கையில் ஒரு சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர், மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது எக்காலத்திலும் போதாது என்று எழுத்து மூலமாக வாதாடினார். இரண்டாவது காரியம் இதைவிட நுட்பமானது. வந்து நிற்கிறவன் மெய்யாகவே பசித்தவன்தானா என்று கண்டுகொள்வதற்காகத் தூரப் பரீட்சை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதாவது, சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள நிவாரண வேலைக்கு நடந்து வந்தால்தான் திடகாத்திரமானவனுக்கு வேலை. பசி உண்மையானால் நடப்பான், நடக்கவில்லையென்றால் பசி பொய் என்பது அதன் தத்துவம். அந்த விதியை எழுதியவர்கள் புத்திசாலிகள், சிக்கனமானவர்கள், தங்கள் மட்டில் நியாயஸ்தர்கள். ஏமாற்றுக்காரனை அவர்கள் கண்டுபிடித்தார்களோ இல்லையோ, நடக்க முடியாதவனைத் தவறாமல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்களின் தொகையைச் சரித்திர ஆசிரியர்கள் பல லட்சங்களாகக் கணிக்கிறார்கள்.

இதற்குப் பிறகு உள்ள அறுபது எழுபது வருஷங்களை நான் விரைவாகத் தாண்டிவிடுகிறேன். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943-இல் வங்காளம் பட்டினியில் மாண்டது. நகரங்களில் ரேஷன் வந்தது. 1952-இல் ராஜாஜி முதலமைச்சரானதும் சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அறுபதுகளில் மழை பொய்த்து, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிற கோதுமையை எதிர்பார்த்து தேசம் காத்திருந்த காலத்தில், 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது என்பதை இங்கிருக்கும் தஞ்சைக்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுத்து, முதற்கட்டமாகச் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்தார் அண்ணா. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. கடைகள் தனியார் கைக்குப் போகாமல், பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் வசம் இருந்தன. காமராஜரால் 1956-லும் எம்.ஜி.ஆரால் 1982-லும் விரிவடைந்த, பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிற காரியம் தனி அத்தியாயமாகப் பேச வேண்டியது. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

அரிசி வாங்குகிறவனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, நெல் போடுகிறவனை மறந்துவிடுவது பட்டணத்துப் பேச்சாளர்களின் குறை. டெல்டாவில் குறுவையும் சம்பாவும் அறுவடையாகிற நாட்களில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு குவிந்து கிடக்கிற நெல்லும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதென்று சொன்னால் என்ன செய்வதென்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற விவசாயியும், நியாய விலைக் கடையின் மறுமுனை. கடையில் அரிசி எடுப்பு குறைந்தால் கொள்முதல் குறையும். கொள்முதல் குறைந்தால் அந்த விவசாயி வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். 1997 ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் பொது விநியோகத்தை இரண்டாகப் பிளந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை. கோடு என்றால் தரையில் போட்ட கோடல்ல. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதம் செங்கல் சூளையில் வேலை இருக்கிறவன் மேலே இருப்பான், அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டால் கீழே இருப்பான், அதற்கடுத்த மாதம் பெண்டாட்டிக்குப் பிரசவம் சிக்கலானால் எங்கே இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று 2011-இல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்திலிருந்து நாடு தெரிந்துகொண்டது: நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழித்தவன் கணக்குப்படி ஏழையல்லன்.

பிரித்ததனால் சர்க்காருக்குச் சிக்கனமாவது கிட்டியதா என்றால், அதே திட்டக் கமிஷன் 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, மத்தியத் தொகுப்பிலிருந்து மானிய விலையில் போன தானியத்தில் 58 சதவீதம் குறிவைக்கப்பட்ட ஏழைக் குடும்பங்களைச் சேரவேயில்லை என்று சொல்லிற்று. ஆளைத் தவறாகக் கண்டதும் ஒரு காரணம், வழியில் திருடு போனதும் ஒரு காரணம். பக்கத்து மலையாள தேசத்தில் நடந்தது இன்னும் கவனிக்கத் தக்கது. 1997-க்கு முன் கேரளத்தின் ரேஷன் ஏற்பாடு, ஏறக்குறைய எல்லாக் குடும்பத்தையும் தழுவி, இந்தியாவுக்கே உதாரணமாக விளங்கியது. கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கு விலையை ஏற்றியதும் அவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். வருகிறவர்கள் குறைந்ததும் கடைக்காரருக்குக் கிடைக்கிற கமிஷன் கடை வாடகைக்கும் காணாமல் போயிற்று. பல கடைகள் நடத்த முடியாத நிலைக்கு வந்தன. கடை மூடினால் கோட்டுக்குக் கீழே உள்ளவன் தன் அட்டையை வைத்துக்கொண்டு எங்கே போவான்? பணக்காரனை விலக்குவதற்காகப் போட்ட திட்டத்தில் ஏழைக்குக் கடை இல்லாமற் போயிற்று.

தமிழ்நாடு அந்தப் பிளவை ஏற்கவில்லை. அரிசி வேண்டுமென்று கேட்கிற குடும்பத்துக்கெல்லாம் ஒரே கடை, ஒரே விலை என்று நின்றது. 2008-இல் அந்த விலை கிலோவுக்கு ஒரு ரூபாயாயிற்று, 2011 ஜூனிலிருந்து விலையே இல்லாமற் போயிற்று. நாம் மட்டும் மகா உத்தமர்கள் என்று மார்தட்டிக்கொள்வதற்கும் இல்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் அட்டைகளில் 'எச்' என்று முத்திரை குத்தி அரிசியை நிறுத்திய காலம் ஒன்று இங்கேயும் இருந்தது. 2004-இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடம்கூட இல்லாமல் தோற்றதும், சில நாட்களுக்குள் அந்த முத்திரை வாபஸாயிற்று. மற்ற எத்தனையோ காரணங்களுக்காகவும் அந்தத் தோல்வி வந்திருக்கலாம். எனினும் முத்திரை குத்தியவர்களே அதை முதலில் அழித்தார்கள் என்பதிலிருந்து அவர்கள் மனசாட்சி என்ன சொல்லிற்று என்று ஊகிக்கலாம்.

"எல்லோருக்கும் கொடுப்பதனால் ஏழைக்கு என்ன அதிகப்படியான லாபம்?" என்று கேட்பவர்களை ஒருநாள் காலை என்னோடு கடைக்கு வரச் சொல்வேன். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் ஒரு பக்க அறைதான் கடை. ஒன்பது மணிக்குத் திறக்கிற கடைக்கு ஏழரைக்கே சாக்குப் பைகளும் மஞ்சள் பைகளும் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும். ஆட்கள் வேப்ப மரத்தடியில். ஒருநாள் விற்பனையாளர் வந்து, அட்டையை இயந்திரத்தில் காட்டி, கைரேகை வாங்கி, எடையாளர் சாக்கைப் பிரிக்கிற நேரத்தில், முன்னால் நின்ற பாட்டியிடம், "இந்த மாசம் பச்சரிசிதான் பாட்டி, புழுங்கல் லோடு இன்னும் வரலை" என்றார். "பச்சரிசியைப் பொங்கித் தின்னா எனக்கு ஆகாதே தம்பி" என்று பாட்டி முணுமுணுத்தாரே தவிர, பையை விரித்துத்தான் பிடித்தார். பிரித்த மூட்டையில் அரிசி மஞ்சளித்து, புழுத்த வாடை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டு, "போன மாசமும் இதே வாடைதானே சார்? மூட்டையை மாத்துறீங்களா, இல்லே தாலுகா ஆபீசுக்குப் போன் போடட்டுமா?" என்றார். விற்பனையாளர், எனக்கு வருகிற மூட்டை எடையே குறைவு, தரத்தை நான் எங்கே போய்க் கேட்பேன் என்று தம் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே, அதுவும் உண்மையான கஷ்டம்தான், வேறு மூட்டையைப் பிரித்தார். அந்த மூட்டையிலிருந்து முதல் படி பாட்டியின் பைக்குள் விழுந்தது.

அந்த ஆசிரியைக்கு இந்த அரிசி இல்லாவிட்டாலும் அன்றைக்கு உலை கொதிக்கும். இட்லிக்கும் தோசைக்கும் ஆகுமென்று வாங்க வந்தவர். அவரை வரிசையிலிருந்து விலக்கினால் மிச்சமாவது மாதம் இருபது கிலோ அரிசி. போவது, அந்தக் கடையில் யாரும் பயப்படுகிற ஒரே குரல். ஏழைகளுக்கென்று மட்டும் நடத்தப்படுகிற ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கடையும் எந்த நிலைக்கு வருகின்றன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுபோகட்டும், வசதி வந்தவர்கள் தாமாகவே விலகுகிறார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அரிசி வேண்டாம் சர்க்கரை போதும் என்று விருப்பப்பட்டு அட்டையை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. எதுவுமே வேண்டாம், அட்டை மட்டும் இருக்கட்டும் என்றவர்களும் உண்டு. கால் கடுக்க நின்று பருமனான அரிசியை வாங்குகிற சிரமமே ஒரு சல்லடை. அதற்கு மேல் வருவாய்த் துறையின் சல்லடை ஒன்று தேவையில்லை.

கடத்தலைப் பற்றிக் கேட்பீர்கள். உண்மைதான், நம் அரிசி எல்லை தாண்டி அண்டை மாநிலங்களுக்குப் போகிறது, பாலிஷ் போட்டு வேறு பெயரில் திரும்பி வருகிறது, கோழித் தீவனத்துக்கும் மாவு மில்லுக்கும் போகிறது. இதைச் செய்கிறவர்களைப் பிடிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். ஆனால் லாரியில் போகிற அரிசிக்குப் பாட்டியின் அட்டையில் வைத்தியம் செய்வது எந்த ஊர் நியாயம்? செலவு என்பீர்கள். உணவு மானியத்துக்கு மாநில சர்க்கார் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்குகிறது. பெரிய தொகைதான், மறுப்பதற்கில்லை. அந்தத் தொகைக்கு, மாதக் கடைசியில் கடன் வாங்காமல் ஒரு வீட்டில் உலை வைக்க முடிகிறது, பருப்பு வாங்க முடிகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு நூறு ரூபாய் மிஞ்சுகிறது என்பதை எந்தப் பத்தியில் வரவு வைப்பதென்று கணக்குப்பிள்ளைகள் யோசித்ததாகத் தெரியவில்லை.

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய காரியம். தயவாக இருந்ததை உரிமையாக்கியது. கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் மக்களுக்கு, தலைக்கு மாதம் 5 கிலோ என்று அது நிர்ணயித்தது. ஆனால் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தபோது, தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேர்தாம் சட்டத்தின் கீழ் வந்தார்கள். வெகுநாள் தயங்கி 2016 நவம்பரில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட நம் மாநிலம், மீதிப் பாதிக்கும் அரிசியை நிறுத்தாமல், அதற்கான அதிகச் செலவைத் தானே சுமந்துகொண்டது. இன்னொன்று: இந்தச் சட்டத்தின் கணக்கெல்லாம் 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஆதாரமாகக் கொண்டது. 2021-இல் எடுக்க வேண்டிய குடிக்கணக்கு அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. ஆகையால் 2011-க்குப் பின் பெருகிய ஜனத்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடு வளரவில்லை. யாரும் யாரையும் நீக்கவில்லை, யாருடைய அரிசியையும் குறைக்கவில்லை. எண்ணாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். ஆரவாரமில்லாமல் நடக்கிற இத்தகைய காரியங்களைத்தான் நான் முதலில் சொன்ன பயத்தில் சேர்க்கிறேன்.

தூரப் பரீட்சைக்கு இந்தக் காலத்து வாரிசு கைரேகைப் பரீட்சை. போலி அட்டைகளை ஒழிப்பதற்கு ஆதார் எண்ணை இணைத்தது பயன்படவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாற்று நட்டும் கயிறு திரித்தும் சுண்ணாம்பு அடித்தும் ரேகை தேய்ந்துபோன விரலை அந்தக் கண்ணாடி அறிந்துகொள்வதில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, தலைமுடியில் தடவி எண்ணெய்ப் பசை ஏற்றி, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, "விழலையேம்மா, நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்புகிற கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்புகிறவர்களுடைய முகத்தில் கோபம் இருக்காது. ஏதோ தாங்கள் தப்புச் செய்துவிட்டதைப் போன்ற ஒரு கூச்சம்தான் இருக்கும். ஒரு வாழ்நாள் உழைத்ததே தகுதிக் குறைவாகப் போய்விடுகிறது! நம் மாநிலத்தில் கைப்பேசிக்கு வருகிற ரகசிய எண்ணைச் சொல்லி வாங்கலாம், நடக்க முடியாதவர்கள் வேறொருவரை நியமித்து வாங்கலாம் என்று மாற்று வழிகள் வைத்திருக்கிறார்கள். அவை எல்லாக் கடைகளிலும் எல்லோருக்கும் சொல்லப்படுகின்றனவா என்பது வேறு விஷயம். ஜார்க்கண்டில், சிம்டேகா மாவட்டத்தில், 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி நின்றுபோய், பசியிலேயே மகள் செத்தாள் என்று தாய் சொன்னாள். பசியினால் அல்ல, காய்ச்சலினால் என்று அதிகாரிகள் சொன்னார்கள். சாவுக்கும் அத்தாட்சி வேண்டியிருந்தது.

அரிசிக்குப் பதில் பணமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பது சில பொருளாதார நிபுணர்களின் யோசனை. கடலூரைத் தாண்டினால் அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் அரிசியை நிறுத்தி வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். பிறகு அரிசியா பணமா என்று துணைநிலை ஆளுநருக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்கும் வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளத்துக்காகத் தெருவில் நின்றார்கள். 2024-இல்தான் கடைகள் மறுபடி திறந்து அரிசி வழங்கப்பட்டது. பணம் தவறான பொருள் என்பதல்ல என் வாதம். வயோதிகர்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் பணமாகத்தான் வர வேண்டும், அதை இன்னும் உயர்த்தவும் வேண்டும். ஆனால் சந்தையில் அரிசி விலை ஏறுகிற மாதம் கணக்கில் விழுகிற பணம் ஏறுவதில்லை; கடை அரிசியோ எந்த மாதமும் அதே அளவு. மேலும் வங்கியில் விழுகிற பணம் யார் கைக்குப் போகிறது, அடுப்பை நோக்கியா வேறு எங்கேயாவதா என்பதைத் தாய்மார்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, நான்தான் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இன்னும் ஒரு புதிய திட்டமல்ல. அட்டையிலிருந்து ஒரு பெயரை நீக்குகிற அதிகாரம் சர்க்காருக்கு இருக்கட்டும்; நீக்குவதற்கு முன் காரணத்தோடு எழுத்து மூலமான அறிவிப்பு அந்த வீட்டுக்குப் போக வேண்டும்; நீக்கப்பட்டவர்களின் பட்டியல் இணையத்தில் எங்கோ ஒளிந்துகொண்டிராமல் கடைச் சுவரிலேயே, கண் மங்கியவர்களும் படிக்கிற எழுத்தில், யாரிடம் மேல்முறையீடு செய்வதென்ற விவரத்தோடு ஒட்டப்பட வேண்டும்; நிரூபிக்கிற பொறுப்பு நீக்குகிறவர்மேல் இருக்க வேண்டும். உரிய தானியம் தரப்படாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் பெறுகிற உரிமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருக்கிறது. சமூகத் தணிக்கைக்கும் அதில் இடமிருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்குகிற பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

கடைசியாக இந்த வாசகசாலை அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொது விநியோகக் குறைதீர் முகாம் என்று, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் தாலுகா அளவில் நடத்துகிறார்கள். உங்களில் படிவம் பூர்த்தி செய்யத் தெரிந்த இரண்டு பேர், ஒரு பேனாவையும் நாலு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கு அங்கே போய் உட்கார்ந்தால் பெயர் சேர்க்கவும் முகவரி மாற்றவும் நியமனதாரர் வைக்கவும் மனுக்கள் ஒழுங்காகப் போய்ச் சேரும். வாசலில் உட்கார்ந்து மனுவுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறவர்களுக்கு உங்கள்மேல் கொஞ்சம் மனஸ்தாபம் வரும். அதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.